நகானோவில் வாங்கிய கீறல் லென்ஸ்

டோக்கியோவுக்குப் போய் வந்தேன் என்று சொன்னால் போதும், "செர்ரிப் பூ பார்த்தியா? புல்லட் ரயில்ல போனியா?" என்று இரண்டு கேள்வி தப்பாமல் வரும். பூவும் பார்த்தேன், ரயிலும் பார்த்தேன். அதைப் பற்றி எழுத எத்தனையோ பேர் இருக்கிறார்கள். நான் சொல்ல வந்தது நகானோ என்கிற பேட்டையைப் பற்றி. பழைய கேமரா, பழைய லென்ஸ் வாங்குகிறவர்கள் உலகத்தின் பல மூலைகளிலிருந்தும் தேடிக்கொண்டு வருகிற இடம் அது. அங்கே குறையுள்ள சாமானை எப்படிப் பார்த்து வாங்குவது என்று நான் தெரிந்துகொண்டது, கேமரா வாங்காதவர்களுக்கும் கொஞ்சம் உபயோகப்படும் என்று நினைக்கிறேன்.

லென்ஸுக்கும் அடுப்பங்கரைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிற சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. 'லென்ஸ்' என்பது லத்தீன் மொழியில் நம் மைசூர்ப் பருப்பின் பெயர். தோல் நீக்காத முழுப் பருப்பு ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் உப்பி, ஓரத்தில் மெலிந்து, அச்சாகப் பூதக்கண்ணாடி மாதிரியே இருக்கும். அதை வைத்துத்தான் பெயர் வந்தது.

என் தம்பி டோக்கியோவில் நிஷி கசாய் என்ற பகுதியில் இருக்கிறான். நம் நாட்டுக்காரர்கள் நிறைய பேர் குடியிருக்கிற இடம். துவரம் பருப்பு, புளி, இட்லி அரிசி எல்லாம் கிடைக்கிறது. 2024 ஏப்ரலில் அவன் மனைவிக்குப் பிரசவம். அம்மாவுக்கு முட்டி வலி, விமானம் ஏற முடியாது. ஆகவே நான் போனேன். கிளம்புகிற அன்றைக்கு என் மூத்த பெண் ஒரு கவரைக் கையில் கொடுத்தாள். உள்ளே 15,000 ரூபாய். திருச்சியில் ஒரு ஸ்டூடியோவில் வேலை கற்றுக்கொண்டு, இப்போது தனியாக வளைகாப்பு, பெயர் சூட்டு விழா என்று போட்டோ எடுக்கப் போகிறாள். ஒன்றரை வருஷமாகச் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் அது. "அம்மா, மாமாவைக் கூட்டிக்கிட்டுப் போய் ஒரு நிக்கான் 105 லென்ஸ் வாங்கிட்டு வா. பழசு போதும்" என்றாள்.

அது என்ன 105? முகத்தை மட்டும் எடுப்பதற்குப் பேர்போன லென்ஸ். 105 மில்லிமீட்டர், எஃப் 2.5 என்பார்கள். பச்சைக் கண்களோடு, சிவப்பு முக்காடு போட்டு, நேரே நம்மைப் பார்க்கிற ஆப்கானியப் பெண்ணின் படத்தை நீங்கள் எங்காவது பார்த்திருப்பீர்கள். ஸ்டீவ் மக்கரி 1984இல் பாகிஸ்தானில் ஓர் அகதி முகாமில் எடுத்தது. 1985 ஜூன் நேஷனல் ஜியாக்ரஃபிக் இதழின் அட்டையில் வந்தது. அது இந்த ரக லென்ஸில் எடுத்த படம். ஃபோகஸ் எல்லாம் கையால்தான் திருப்ப வேண்டும். ஓடுகிற குழந்தைக்கு ஒத்து வராது. தூங்குகிற குழந்தைக்கும், நலுங்கு வைக்க உட்கார்ந்திருக்கிற கர்ப்பிணிப் பெண்ணுக்கும் தாராளமாக ஒத்து வரும். எட்டி நின்றே எடுக்கலாம். வெளிச்சம் குறைவான கூடத்திலும் ஃபிளாஷ் அடித்துக் குழந்தையை எழுப்ப வேண்டாம்.

நிஷி கசாயில் தோஸாய் லைன் ரயில் ஏறினால் மாறி ஏற வேண்டிய அவசியமே இல்லை, நேரே நகானோ. வடக்கு வாசல் வழியாக வெளியே வந்தால் எதிரிலேயே 'சன் மால்' என்று கூரை போட்ட நீளமான கடைத்தெரு. வெயிலும் படாது, மழையும் படாது. பலகாரக் கடை, செருப்புக் கடை, மருந்துக் கடை என்று வரிசையாகப் போய் முடிகிற இடத்தில் 'நகானோ பிராட்வே' என்ற பெரிய கட்டிடம். 1966இல் கட்டியது. மேல் மாடிகளில் குடித்தனங்கள், கீழே கடைகள். பொம்மையும் படக்கதைப் புத்தகமும் தேடி வருகிற இளைஞர் கூட்டம் அங்கே ஜாஸ்தி. எனக்குப் பிடித்தது அதன் அடித்தளம்தான். காய்கறி, மீன், ஊறுகாய் என்று நம்ம காந்தி மார்க்கெட்டைக் கழுவித் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. கேமராக் கடைகளில் 1938இல் தொடங்கிய ஃபுஜியா கேமரா பேர்பெற்றது. அது சன் மாலை ஒட்டிய சந்தில் இருக்கிறது. ஷிஞ்சுகுவிலும் பெரிய பெரிய கடைகள் உண்டு, ஒரே ஸ்டேஷன் தள்ளித்தான். கூட்டம் அதிகம் என்பதால் தம்பி அங்கே வேண்டாம் என்றுவிட்டான்.

முதல் கடைக்குள் நுழைந்ததும் எனக்கு நகைக்கடை ஞாபகம்தான் வந்தது. கண்ணாடி அலமாரிக்குள் வரிசை வரிசையாக லென்ஸ்கள். ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு சின்னச் சீட்டு. அதில் விலை மட்டுமில்லை, அந்தச் சாமானுக்கு என்னென்ன குறை என்று கடைக்காரரே எழுதி வைத்திருக்கிறார். "முன் கண்ணாடியில் துடைத்த கீறல். உள்ளே சிறு தூசி. வளையத்தில் நசுங்கல்." தம்பி மொபைலைச் சீட்டின் மேல் காட்டி மொழிபெயர்த்துப் படிக்கப் படிக்க எனக்கு ஆச்சரியம். நம் ஊரில் பழைய சாமான் வாங்கப் போனால் குறையைக் கண்டுபிடிப்பது நம் பொறுப்பு. இங்கே விற்கிறவரே எழுதித் தொங்கவிடுகிறார்!

இதற்கு நாணயம் ஒரு காரணம் என்றால் சட்டம் இன்னொரு காரணம். ஜப்பானில் பழைய சாமான் வியாபாரத்துக்கென்றே 1949இல் ஒரு சட்டம் போட்டிருக்கிறார்கள். போலீஸ் வழியாக விண்ணப்பித்து லைசென்ஸ் வாங்கித்தான் கடை நடத்த வேண்டும். விற்க வருகிறவர் யார் என்று சரிபார்த்துப் பதிவு செய்ய வேண்டும். திருட்டுச் சாமான் கைமாறாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு.

சாமானை அவர்கள் தரம் பிரிக்கிற வகையும் நன்றாக இருக்கிறது. 'பிஹின்' என்றால் அழகாக இருக்கிற சாமான். 'ரியோஹின்' என்றால் நல்ல சாமான். 'நாமிஹின்' என்றால் சுமார், புழங்கியது. அதற்கும் கீழே 'நான் ஆரி', அதாவது ஏதோ கோளாறு உண்டு. கடைசியாக 'ஜங்க்'. உத்தரவாதமும் இல்லை, திருப்பி வாங்குவதும் இல்லை.

ஆனால் எந்தக் குறைக்கு எவ்வளவு பயப்பட வேண்டும் என்பதைச் சீட்டு சொல்லாது. அதை நாம்தான் தெரிந்துகொள்ள வேண்டும். தம்பிக்குக் கொஞ்சம் தெரியும், என் பெண் தினமும் ராத்திரி போனில் கொஞ்சம் சொல்லிக் கொடுத்தாள், கடையில் இருந்த பெரியவர் மீதியைக் கையைக் காட்டியே புரிய வைத்தார்.

தூசியைப் பற்றிக் கவலையே வேண்டாம். ஃபோகஸ் வளையத்தைத் திருப்பும்போது லென்ஸுக்குள் காற்று போய் வருகிறது, காற்றோடு தூசியும் போகிறது. டார்ச் அடித்துப் பார்த்தால் புத்தம் புது லென்ஸில் கூட நாலு தூசி தெரியும். அதைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று வைத்தால் எதையுமே வாங்க முடியாது.

அடுத்தது கீறல். பார்த்ததும் மனசு பதறுகிறது, ஆனால் முன் கண்ணாடியில் இருக்கிற சின்னக் கீறல் அநேகமாகப் படத்தில் தெரிவதே இல்லை. இது எப்படி என்று நீங்களே வீட்டில் பார்க்கலாம். கொசுவலை அடித்த ஜன்னலுக்கு மிக அருகில் நின்று எதிர் வீட்டு மரத்தைப் பாருங்கள். மரம் தெரியும், வலை தெரியாது. கண் தூரத்தில் பதிந்திருப்பதால் கிட்டே இருப்பது கரைந்து போய்விடுகிறது. லென்ஸும் அப்படித்தான். ஆனால் சாயங்கால வெயில் நேரே அந்த வலையின் மேல் விழட்டும், அப்போது மரம் மங்கி, வலை வெள்ளை வெளேரென்று முன்னால் வந்து நிற்கும். கீறல் உள்ள லென்ஸில் விளக்கையோ சூரியனையோ எதிரே வைத்து எடுத்தால் வரும் தொந்தரவு இதுதான். பின் கண்ணாடியில் கீறல் இருந்தால் மட்டும் யோசிக்க வேண்டும். படம் விழுகிற இடத்துக்கு அது கிட்டே இருப்பதால் தெரிய வாய்ப்பு அதிகம்.

பழைய லென்ஸ்களில் பாதிக் கீறல் துடைத்துத் துடைத்தே வந்தது! ஜப்பானியர் அதற்கு ஒரு பெயரே வைத்திருக்கிறார்கள், 'ஃபுகிகிஸு', துடைத்த காயம். புடவைத் தலைப்பால் மூக்குக் கண்ணாடியைத் துடைக்கிற நம் போன்றவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம். தூசியில் மணல் பொடி இருக்கும். முதலில் ஊதித் தள்ளிவிட்டுத்தான் துணியை வைக்க வேண்டும்.

உண்மையில் பயப்பட வேண்டியது 'கபி'. நம் பக்கம் கபி என்றால் குரங்கு, ஆஞ்சநேயருக்குக் கூடச் சொல்வதுண்டு. அவர்கள் மொழியில் கபி என்றால் பூஞ்சணம். ஆமாம், நம் ஊறுகாய் ஜாடியில் பூக்கிற அதே ஜாதிதான். கண்ணாடியில் என்ன இருக்கிறது சாப்பிட என்று நினைக்காதீர்கள். விரல் ரேகையின் எண்ணெய்ப் பசை, தூசி, கொஞ்சம் ஈரம், நல்ல இருட்டு, இவ்வளவு போதும். சிலந்தி வலை மாதிரி, பனிப் பூ மாதிரி மெல்லிய நூலாகக் கிளைவிட்டுப் படரும். ஓரத்தில் துளி இருந்தால் படத்தைக் கெடுக்காது. ஆனால் வளர வளர அதிலிருந்து கசிகிற அமிலம் கண்ணாடியின் மேல் பூச்சை அரித்துவிடும். பிறகு பூஞ்சணத்தை எடுத்தாலும் தடம் நிற்கும். பித்தளைப் பாத்திரத்தில் புளி கரைத்து ராத்திரி முழுக்க விட்டால் தடம் விழுகிறதே, அந்தக் கதைதான்.

'குமோரி' என்று இன்னொன்று. வானிலை அறிக்கையில் 'மேகமூட்டம்' என்று சொல்வதற்கும் அவர்களுக்கு இதே வார்த்தைதான். லென்ஸுக்குள் இருக்கிற மசகு நாளடைவில் ஆவியாகிக் கண்ணாடியில் படிந்து, பால் ஆடை போர்த்தின மாதிரி ஆகிவிடும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுமே தெரியாது, லென்ஸ் பளபளவென்று இருக்கும். படம் மட்டும் வெளிறிப் போகும். கறுப்பு கறுப்பாக வராது. ரிப்பேர்க்காரர் பிரித்துத் துடைத்தால் சில சமயம் போகும், சில சமயம் போகாது.

இரண்டு கண்ணாடியைச் சேர்த்து ஒட்டுகிற பசை விட்டுப்போவது வேறு. அந்தக் காலத்தில் ஒரு தேவதாரு வகை மரத்தின் பிசினால், கனடா பால்சம் என்பார்கள், ஒட்டியிருப்பார்கள். அது விட்டால் ஓரத்தில் வானவில் நிறமாகவோ நுரை மாதிரியோ தெரியும். அதை நான் தொடவே மாட்டேன்.

புடவைப் பிரியர்களுக்கு ஒரு சுவாரசியம். லென்ஸுக்குள் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க மெல்லிய தகடுகள் பூவிதழ் போல விரிந்து சுருங்கும். அப்பர்ச்சர் என்று சொல்கிறோமே, அதற்கு ஜப்பானிய மொழியில் 'ஷிபோரி'. நாம் ஆசை ஆசையாக வாங்குகிற ஷிபோரி புடவை இருக்கிறதே, அதே ஷிபோரிதான்! பிழிவது, இறுக்குவது என்று அர்த்தம். துணியை இறுக்கிக் கட்டிச் சாயம் போட்டாலும் ஷிபோரி, வெளிச்சத்தை இறுக்கினாலும் ஷிபோரி. அந்தத் தகட்டில் எண்ணெய் பளபளத்தால் இதழ்கள் ஒட்டிக்கொண்டு மெதுவாக நகரும். அது செலவு வைக்கிற வேலை.

கடையின் வெளிப்பக்கம் பிளாஸ்டிக் கூடைகளில் ஜங்க் சாமான். 500 யென்னிலிருந்து ஆரம்பம். ரிட்டயர் ஆன தாத்தாக்கள் நாலைந்து பேர் ஆளுக்கொரு குட்டி டார்ச்சோடு, பேச்சே இல்லாமல், கத்தரிக்காய் பொறுக்குகிற மும்முரத்தில் நின்றுகொண்டிருந்தார்கள். நானும் போய் நின்றுகொண்டேன். சொத்தைக் கத்தரிக்காயை வெளியிலிருந்தே கண்டுபிடிக்கிற நமக்கு இது என்ன பிரமாதம்!

அங்கே தம்பி ஒரு பென்டாக்ஸ் லென்ஸை எடுத்துக் காட்டினான். சூப்பர் டாகுமார் 50 மில்லிமீட்டர் எஃப் 1.4. வெள்ளைக் காகிதத்தின் மேல் வைத்தால் கண்ணாடி இளந்தேநீர் நிறத்தில் இருந்தது. "அக்கா, இதுல தோரியம் இருக்கு, தெரியுமா?" என்றான். நம்ம மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் இருக்கிறதே, அதே கதிரியக்கத் தோரியம். ஒளியை நன்றாக வளைப்பதற்காக அந்த நாளில் சில கம்பெனிகள் லென்ஸ் கண்ணாடியில் தோரியம் சேர்த்து உருக்கினார்கள். 1964இல் வந்த முதல் ரகத்தில் அது இல்லை, பிற்பாடு வந்த 7 கண்ணாடி ரகத்தில் உண்டு. வருஷக்கணக்கில் அந்தக் கண்ணாடி தானாகவே பழுத்து மஞ்சளாகிறது. வெயிலில் பல நாள் வைத்தால் நிறம் குறையும், அல்ட்ரா வயலெட் கதிர்தான் அந்த வேலையைச் செய்கிறது. உடம்புக்குக் கெடுதலா என்று கேட்பீர்கள். கேமராவில் மாட்டிப் படம் எடுப்பதில் உடம்பில் படுவது மிகக் குறைவு, பயப்பட வேண்டியதில்லை. ஆனால் உடைந்துபோனால் பொடியை மூச்சில் இழுக்கக்கூடாது, அதை ராவி மெருகேற்றக்கூடாது, கண்ணோடு ஒட்டி வைத்துப் பார்க்கிற பூதக்கண்ணாடியாக உபயோகிக்கக்கூடாது. கைக்குழந்தை இருக்கிற வீட்டில் விளையாட்டுச் சாமானோடு அதையும் போட்டு வைக்க என் மனசு ஒப்பவில்லை. கூடையிலேயே வைத்துவிட்டு வந்தோம்.

105 லென்ஸ் மூன்றாவது கடையில்தான் கிடைத்தது. ரொம்பச் சின்னக் கடை, நாலு பேர் நின்றால் ஐந்தாவது ஆளுக்கு இடமில்லை. அங்கே ஒன்றல்ல, மூன்று இருந்தன. மூன்றுமே 1981இல் வந்த ஏஐ-எஸ் ரகம். என் பெண் இதில் கண்டிப்பாக இருந்தாள். நிக்கானில் 1977க்கு முன்னால் வந்த லென்ஸ்களை மாற்றியமைக்காமல் அவளுடைய டி7000 கேமராவில் மாட்டினால் கேமராவே கெட்டுப்போகக்கூடும்.

முதல் லென்ஸ் குறையே இல்லாதது, 25,300 யென். அப்போது 100 யென் நம் பணத்தில் சுமார் 55 ரூபாய். வரி கழித்தாலும் 12,650 ரூபாய் ஆகும். இரண்டாவது வெளியே பளிச்சென்று இருந்தது, சீட்டில் 'லேசான குமோரி', 13,200 யென். மூன்றாவது பார்க்கவே பரிதாபம். பெயிண்ட் உதிர்ந்து உலோகம் தெரிந்தது. முன் வளையம் ஒரு பக்கம் நசுங்கி, 52 மில்லிமீட்டர் ஃபில்டரைத் திருக முடியாது. முன் கண்ணாடியில் இரண்டு கீறல், ஒன்று நகத்தளவு நீளம். 9,800 யென்.

பெண்ணுக்குப் போன் போட்டுப் படத்தைக் காட்டினேன். கீறலைப் பார்த்ததும், "ஐயோ, அது வேணாம்மா. கஸ்டமர் பார்த்தா என்ன நினைப்பாங்க? காசு போனாப் போகுது, புதுசு மாதிரி இருக்கறதையே வாங்கு" என்றாள். அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஒரு பெண் தனியாகத் தொழில் பண்ண வந்தால் அவளுடைய கையையும் பையையும்தான் முதலில் பார்க்கிறார்கள். ஆனால் அந்த 15,000 ரூபாயும் ஒரே கண்ணாடியில் போய்விட்டால், லென்ஸ் வைக்கிற பெட்டிக்கும், இன்னொரு பேட்டரிக்கும் மறுபடியும் ஒரு வருஷம் சேர்க்க வேண்டும்.

"கொஞ்சம் பொறு கண்ணு" என்று சொல்லிவிட்டு, கடைக்காரரிடம் ஒரு கேமராவில் மாட்டிப் பார்க்கலாமா என்று தம்பியை விட்டுக் கேட்டேன். தாராளமாகக் கொடுத்தார். முதலில் மொபைல் டார்ச்சை லென்ஸின் பின்பக்கம் வைத்து, அப்பர்ச்சரை முழுக்கத் திறந்து, முன்னாலிருந்து சாய்த்துச் சாய்த்துப் பார்த்தோம். மூன்றாவதில் கீறலையும் தூசியையும் தவிர வேறில்லை. நூல் மாதிரி எதுவும் இல்லை, மூட்டம் இல்லை, இதழ்கள் காய்ந்து சுத்தமாக இருந்தன. இரண்டாவதில் டார்ச் வெளிச்சம் விழுந்ததுமே உள்ளே ஆடி மாசத்து வானம். பிறகு மூன்றிலும் ஒரே மாதிரி இரண்டிரண்டு படம் எடுத்தோம். வாசல் பக்கம் திரும்பி எதிர்க் கடையின் பலகையை ஒன்று, கடைக்குள் எரிகிற விளக்கை ஓரத்தில் வைத்துத் தம்பி முகத்தை ஒன்று. எது எந்த லென்ஸ் என்று சொல்லாமல் ஆறையும் பெண்ணுக்கு அனுப்பினேன்.

பத்து நிமிஷம் கழித்துக் கூப்பிட்டாள். பலகைப் படம் மூன்றில், நடுவில் உள்ளது கொஞ்சம் சோகையாக இருக்கிறது, மற்ற இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்றாள். விளக்கு வைத்து எடுத்ததில் குமோரி லென்ஸ் படம் முழுக்கப் பால் ஊற்றின மாதிரி வெளிறிப்போயிருந்தது. கீறல் லென்ஸில் விளக்கைச் சுற்றி லேசாக ஒரு தீற்றல், அவ்வளவுதான். அந்த லென்ஸிலேயே முன்னால் இழுத்துவிடுகிற மறைப்பு வளையம் ஒன்று உண்டு. அதை இழுத்துவிட்டு, விளக்கைச் சட்டத்துக்கு வெளியே தள்ளி எடுத்ததில் தீற்றலும் போய்விட்டது.

"அப்ப நசுங்கினதையே எடுத்துக்கம்மா. நான்தான மாட்டப் போறேன்" என்றாள்.

பணம் கட்டும்போது பாஸ்போர்ட் கேட்டார்கள். 2024இல், கொஞ்ச நாள் தங்க வந்த வெளிநாட்டுக்காரர்களுக்கு, வரிவிலக்குப் பலகை வைத்திருந்த கடைகளில், ஒரே நாளில் 5,000 யென்னுக்குக் குறையாமல் வாங்கினால் 10 சதவீத வரியை அங்கேயே கழித்துக்கொண்டார்கள். 2026 நவம்பரிலிருந்து முழு விலையையும் கொடுத்துவிட்டு, நாட்டை விட்டுக் கிளம்பும்போது வரியைத் திரும்பப் பெறுகிற மாதிரி முறையை மாற்றியிருக்கிறார்கள். போகிறவர்கள் கவனித்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு 8,909 யென் ஆயிற்று, ஏறக்குறைய 4,900 ரூபாய். கடைக்காரர் அந்த நசுங்கல் லென்ஸை வைரத் தோடு மாதிரி மெத்தைக் காகிதத்தில் சுற்றி, இரண்டு கையாலும் நீட்டினார். குறையெல்லாம் எழுதிய சீட்டையும் கூடவே போட்டுக் கொடுத்தார்.

வந்தபின் என் பெண் அதை வைத்து எடுத்த முதல் படம் எங்கள் தெருவில் ஒரு வளைகாப்பு. ஐந்தாறு அடி எட்டி நின்று, கை நிறைய வளையலோடு அந்தப் பெண் சிரிப்பதை எடுத்திருந்தாள். பின்னால் தொங்கிய சீரியல் விளக்கெல்லாம் மஞ்சள் மஞ்சளாய்க் கரைந்துபோய், முகம் மட்டும் அத்தனை தெளிவு. அதைப் பார்த்துவிட்டு அந்த வீட்டிலேயே சீமந்தத்துக்கு வந்திருந்த இன்னொரு குடும்பம் பெயர் சூட்டு விழாவுக்குக் கூப்பிட்டது. குறையும் சொல்லவேண்டும். இந்த லென்ஸ் 1 மீட்டருக்குக் கிட்டே போனால் ஃபோகஸ் ஆகாது. சின்ன அறையில் குழந்தை முழுசும் படத்தில் விழ வேண்டுமென்றால் சுவரோடு ஒட்டி நின்றாலும் பத்தாது. அதற்குப் பழைய லென்ஸையே மாட்டிக்கொள்கிறாள்.

மிச்சப் பணத்தில் பேட்டரி ஒன்று வாங்கினாள். விலை கூடிய மின்சாரப் பெட்டிக்குப் பதிலாக, ரப்பர் வளையம் வைத்த, காற்றுப் புகாத பெரிய டப்பா ஒன்றும், ஈரம் காட்டுகிற சின்ன மீட்டர் ஒன்றும் வாங்கினோம். லென்ஸைத் தோல் உறையில் போட்டு வைக்கக்கூடாது, தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். டப்பாவுக்குள் சிலிக்கா ஜெல் போட வேண்டும். அரிசி போடலாமே என்று பக்கத்து வீட்டு மாமி கேட்டார். வேண்டாம், அரிசி மாவுத் தூசி லென்ஸுக்குள் போகும். சிலிக்கா ஜெல்லில் நீல நிறத்தது ஈரம் குடித்தால் இளஞ்சிவப்பாகும். அந்த நீலம் கோபால்ட் உப்பு, உடம்புக்கு ஆகாது. குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைக்க வேண்டும், சமையல் வாணலியில் போட்டு வறுக்கக் கூடாது. ஆரஞ்சு நிற ரகம் கிடைத்தால் அதையே வாங்குங்கள். மீட்டரின் முள் 40க்கும் 50க்கும் நடுவில் நின்றால் சரி. ரொம்பக் காய்ந்தாலும் மசகுக்கு நல்லதில்லை என்கிறார்கள்.

போன ஐப்பசி அடைமழையில் ஒரு வாரம் துணியே காயவில்லை. டப்பாவின் முள் 58க்குப் போயிருந்தது. பெண் ஜெல்லை மாற்றிவிட்டு, வெயில் அடித்த முதல் நாள் காலையில் லென்ஸை எடுத்துப் பின்பக்கம் டார்ச் அடித்துப் பார்த்தாள். இரண்டு கீறலும் அப்படியே இருந்தன, நூல் எதுவும் இல்லை.